ஆறாம் வகை ஆட்டம்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். முதுகுவலி மட்டும் என்னோடு வேலைக்கு வந்து என்னோடு வீடு திரும்புகிறது. உன் கண் எரிச்சல் எப்படி இருக்கிறது? அப்பாவுக்கு மூச்சு வாங்குவது குறைந்ததா?

கழகத்தில் ஒரு கூத்து. சலவைக் கடைக்குக் கீழே இருக்கும் எங்கள் அறைக்கு ஒருவழியாகப் பெயர்ப்பலகை மாட்டினோம்: 'பாத்திர ஆட்டக் கழகம்'. ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று ஆடுகிறவர்கள் என்று பார்த்தவுடனே புரியும் என நினைத்தோம். மறுநாளே ஒரு அம்மாள் படியிறங்கி வந்து, "பெரிய அண்டா ரெண்டு வாடகைக்குக் கிடைக்குமா?" என்று கேட்டார். பலகை எழுதிய ஆள் இன்னும் தலையை நிமிர்த்தவில்லை. அந்த ஆள் நான்தான்.

இதைவிடப் பெரிய வேலை ஒன்றையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். நாற்பது பேர் இருக்கிறோம். நாற்பது பேரும் அடுத்தவன் ஆடுவது ஆட்டமே இல்லை என்கிறோம். சண்டை தீர, எல்லா ஆட்டங்களையும் வகை பிரித்து ஒரு பட்டியல் தர வேண்டுமாம், ஆகஸ்ட் ஆண்டுக் கூட்டத்துக்குள். முதல் வகை பகடை ஆட்டம். வாள், அடி, கூட்டல், கழித்தல். அடுத்தது கதை ஆட்டம். அதில் அடிதடி குறைவு, பேச்சு அதிகம். வேஷம் கட்டிக்கொண்டு நடந்தே ஆடுவது மூன்று, கணினியில் ஆடுவது நான்கு. புத்தகத்தை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து ஆடுகிற பாவப்பட்டவர்களுக்கு ஐந்தாவது. ஆறாவதாகக் கடித ஆட்டத்தைச் சேர்த்திருக்கிறேன். அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே உதாரணம் நானும் அப்பாவும்.

கழகத்தில் ஒருவருக்குச் சுங்கம் என்று பட்டப்பெயர். சுங்கச்சாவடியில் வேலை, இங்கேயும் எதையும் சோதிக்காமல் உள்ளே விடமாட்டார். விதி என்ன என்று கேட்டார். எழுதிக் கொடுத்தேன். ஒருவர் கோட்டைக் காவலாளி, ஒருவர் வெளியே நிற்கும் வழிப்போக்கன். பகடை இரண்டும் சேர்ந்து எட்டைத் தாண்டினால் கதவு ஒரு விரல் திறக்கும். பாத்திரம் பேசுவது பச்சை மையில், நாம் பேசுவது நீல மையில். பச்சையை நீலமாகப் படிக்கக் கூடாது. அவ்வளவுதான்.

எழுதும்போது பழசெல்லாம் வந்துவிட்டது அக்கா. அம்மா இறந்த அன்று கழகத்தில் எல்லோருடைய போன்களையும் வழக்கம்போல் கூடையில் போட்டுவிட்டு ஆடிக்கொண்டிருந்தேன். நீ ஒன்பது தடவை கூப்பிட்டிருந்தாய். நான் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அப்பா வாசலில் நின்று, "ஆட்டம் முடிஞ்சுதா?" என்று கேட்டார். நாலு வருடமாக அதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. போன வருடம் நான் சும்மா அனுப்பிய ஆட்டக் கடிதத்தை நீ வாசித்துக் காட்டி, காவலாளியாக ஆட அவர் சம்மதித்தார் என்று எழுதினாய். அதை வேலை நேரத்தில், நாங்கள் மாட்டிக்கொண்டிருந்த லிஃப்டின் குழிக்குள் உட்கார்ந்து படித்தேன். மேலே இருந்தவன் என்னைக் காணோம் என்று கத்திக்கொண்டிருந்தான்.

பச்சையில் இவ்வளவு பேசுகிறவர் நீலத்தில் ஒரே ஒரு 'வா' சொன்னால் அன்றைக்கே வண்டி ஏறிவிடுவேன். அவரிடம் சொல்.

இனிப் பச்சை. காவலாளி ஐயா, வெளியே மழை பிடித்துக்கொண்டது. உள்ளே விளக்கு எரிவது தெரிகிறது. கொஞ்சம் ஒதுங்க இடம் உண்டா? பகடை ஆறும் மூன்றும்.

அன்புடன்,
தம்பி

•

பிப்ரவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நடமாட்டமாக இருக்கிறேன். நலம் என்று எழுதினால் கண்கள் இரண்டும் கோபித்துக்கொள்ளும். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்கு லென்ஸ் தேய்த்துவிட்டு வந்து உன் கோழிக் கிறுக்கலைப் படிக்க எனக்கே ஒரு கண்ணாடி தேவைப்படுகிறது. உன் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு; அதோடு பேசிக்கொண்டிருக்காதே.

அப்பாவுக்கு மூச்சு அப்படியேதான். மாடிப்படி ஏறுவதை நிறுத்திவிட்டார். முப்பது வருடம் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவருக்கு இப்போது எழுத வண்டிகள் இல்லை, அதனால் சுவர்க் காலண்டரில் எங்களை எழுதுகிறார். பால் 6.10. நான் புறப்பட்டது 8.35. நேற்று எனக்கு 'லேட் 12' போட்டார். டிப்போ முறைதான், வரவேண்டியது வராவிட்டால் ஒரு கோடு, இனி வரவே வராது என்று முடிவாகிவிட்டால் 'ரத்து'. குழாய் ரிப்பேர்காரருக்கு மூன்று நாள் கோடு போட்டார், நான்காம் நாள் ரத்து. அந்த மனிதர் ஐந்தாம் நாள் பையோடு வந்து நிற்கிறார், அப்பா கதவைத் திறக்கவில்லை. "வண்டி ரத்தாயிடுச்சு" என்று ஜன்னல் வழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார். குழாய் இன்னும் ஒழுகுகிறது.

உன் பட்டியலைப் படித்தேன். நீ பாத்திரம் ஏற்கிறாய், நான் பாத்திரம் கழுவுகிறேன். இதையும் ஒரு வகையாகச் சேர்த்துக்கொள்.

'வா' சொல்லச் சொல்லி நான் அவரிடம் எப்படிக் கேட்பது? அவருக்காகத் தோன்றினால்தான் உண்டு. கீழே இருப்பது அவர் சொல்லச் சொல்ல எழுதியது.

இனிப் பச்சை. வழிப்போக்கனே, ஒன்பது விழுந்திருக்கிறது. கதவை ஒரு விரல் திறக்கிறேன். கோட்டைக்குள் ஆட்கள் குறைவு, சமையல் பாதிப் பாத்திரத்தில்தான் நடக்கிறது. மழையில் நிற்பவனைப் பார்க்கும்போது எனக்கும் ஒரு மகன் இருக்கிறான் என்ற நினைப்பு வருகிறது. சுவரை ஒட்டி நில்.

இப்படிக்கு,
அக்கா

•

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். ஒத்தடம் கொடுத்தேன், முதுகு வாயை மூடிக்கொண்டது. நீ வேலையில் இடையிடையே கண்ணை மூடிக்கொள். அப்பாவை மாடியில் ஏற விடாதே.

காவலாளி பேசியதை நாலு தடவை படித்தேன். "எனக்கும் ஒரு மகன்" என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்று போயிருக்கிறது. நீ எழுதும்போது அவர் யோசித்தார் போலிருக்கிறது.

கழகத்தில் ஆறாம் வகைக்குப் பெரிய ரகளை. எங்களில் ஒரு பிளம்பர் இருக்கிறார், ஆறடி உயரம், தேக்குமரம் மாதிரி உடம்பு. எந்த ஆட்டமானாலும் இளவரசியாகத்தான் ஆடுவார், அதனால் பெயரே இளவரசி. அவர் மேசையைத் தட்டி, "கடிதாசி ஒரு வழிதான், வகை கிடையாது. நாளைக்குத் தந்தியில ஆடினா அதுக்கும் ஒரு நம்பர் குடுப்பியா?" என்றார். சுங்கம் அவர் பக்கம். நான் விடவில்லை. எதிரே ஆள் இல்லாமல், முகம் தெரியாமல், நாள் கணக்காகக் காத்திருந்து ஆடுவது வேறு ஆட்டம் என்றேன். ஓட்டெடுப்பில் இரண்டு ஓட்டில் ஆறாம் வகை பிழைத்தது.

அதோடு விட்டார்களா? பல் டாக்டர் ஏழாவதாக ஒன்றைக் கிளப்பினார். ஒருவர் ஆடுகிறார் என்பதே மற்றவருக்குத் தெரியாமல் நடக்கும் ஆட்டம். அதுவும் ஒரு வகைதானே என்கிறார். "அதுக்குப் பேரு ஆட்டம் இல்ல டாக்டர், பொய்" என்று சுங்கம் சொல்லிவிட்டார். எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. எங்கள் எல்லோரையும்விடத் தெளிவாக யோசிக்கிறவள் நீ. ஏழாவது வகையைச் சேர்க்கலாமா? உன் கருத்தை நீலத்தில் எழுது.

இனிப் பச்சை. ஐயா, சுவரை ஒட்டி நிற்கிறேன். உங்கள் மகன் எங்கே போனான்? பகடை ஐந்தும் ஐந்தும்.

அன்புடன்,
தம்பி

•

ஏப்ரல் 20

அன்புள்ள தம்பிக்கு,

நலம். பதில் தள்ளிப்போனதற்கு வேலைதான் காரணம். பட்டறையில் ஒருத்தி பிரசவத்துக்குப் போய்விட்டாள், அவள் மெஷினும் என் தலையில். நீ நலம்தானே?

ஏழாவது வகையை எடுத்துவிடு. பட்டியல் நீண்டால் யாரும் படிக்கமாட்டார்கள். பல் டாக்டருக்குப் பொழுது போகவில்லை என்றால் இரண்டு பல்லைப் பிடுங்கச் சொல். ஒருவர் மறைத்து ஆடுகிறார் என்றால் அதற்கு அவரிடம் ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தை உங்கள் நாற்பது பேர் மேசையில் வைத்து ஓட்டுப் போட முடியாது.

அப்பா போன வாரம் கதவுக்கு எதிரே நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். காற்று வருகிறதாம். நீ இங்கே வந்து நாலு வருடம் ஆகிறது தம்பி. வீட்டுக் கதவில் பச்சையும் இல்லை, விரல் கணக்கும் இல்லை; தாழ்ப்பாள் துருப்பிடித்து, தள்ளினாலே திறந்துகொள்கிறது. அழைப்பு வந்தால்தான் வருவேன் என்று நிற்பதற்கு நீ என்ன அமைச்சரா?

இனிப் பச்சை. மகன் வெகுதூரம் போனான். நான் ஒரு சொல் கடுமையாகச் சொல்லிவிட்டேன். அதைத் திரும்ப எடுக்கும் வழி தெரியாமல் கதவருகே உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் ஒரு விரல் திறக்கிறேன்.

அக்கா

•

மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் கோபமும் நலம் என்று தெரிகிறது. அப்பாவை இதயத்தைப் பார்க்கும் டாக்டரிடம் காட்டினாயா?

நான் வராமல் இருப்பதை நீ தப்பாக எடுத்துக்கொண்டாய். ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிடத்தில் ஒன்பது மாடிக்கு நான்கு லிஃப்ட் போடுகிறோம். எதிர்எடை ஏற்றிக் கயிறு மாட்டும் நேரம், ஒருநாள் நான் நகர்ந்தாலும் எல்லாம் நிற்கும். அதுபோக, கூப்பிடாமல் வந்து நின்றால் அவர் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்பார். இன்னொரு தடவை அதை வாசலில் நின்று கேட்க என்னால் ஆகாது. பச்சையில் அவர் 'வா' என்றால் அது காவலாளியின் 'வா'. அதற்குப் பகடைதான் பதில் சொல்லும். நீலத்தில் சொல்லட்டும், மறுநாள் அங்கே இருப்பேன். இது என் வாக்கு.

ஏழாம் வகையை நீ சொன்னபடியே அடித்துவிட்டேன். பல் டாக்டர் என்னோடு பேசுவதில்லை. பல்வலி வந்தால் என் கதி என்ன என்று தெரியவில்லை.

இனிப் பச்சை. ஐயா, உங்கள் மகன் அந்தச் சொல்லை மறந்திருப்பான். பகடை நான்கும் இரண்டும். கதவு திறக்காது என்று தெரியும். சும்மா உட்கார்ந்து பேசுவோம்.

அன்புடன்,
தம்பி

•

ஜூன் 2

தம்பிக்கு,

நான் நலம். அப்பா நலமில்லை.

செவ்வாய்க்கிழமை குளியலறையில் விழுந்துவிட்டார். எலும்புக்கு ஒன்றும் இல்லை. டாக்டர் இதயத்தைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னார். இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. சாப்பாடு பாதிதான் இறங்குகிறது. காலண்டரில் எழுதுவதை மட்டும் விடவில்லை.

ஞாயிறு காலை நான் துணி காயப்போட்டுவிட்டு வந்தபோது மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். மேசைமேல் கிடந்த பேனா நீ அனுப்பிய பச்சைப் பேனா. எழுதி முடித்து, மடித்து, என் கையில் கொடுத்து, "அவனுக்கு அனுப்பு" என்றார். அதை அப்படியே இதோடு வைத்திருக்கிறேன். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, ஒரு எழுத்தும் சேர்க்கவில்லை. இது அவரே கைபட எழுதியது.

உன் விதியை ஒரு நாள் மூட்டை கட்டி வை. இதை நீலமாகப் படி. உடனே புறப்பட்டு வா.

அக்கா

(உள்ளே, நான்காக மடித்த தாளில், பச்சை மையில்:)

10.40
ஆட்டம் முடிஞ்சுது. வா.

•

ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். அப்பா விழுந்த செய்தி கேட்டுக் கவலையாக இருக்கிறது. குளியலறையில் ரப்பர் விரிப்பு போடு. கைப்பிடி ஒன்று சுவரில் அடிக்கச் சொல். சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு.

தாளைப் பார்த்தேன். எழுத்து நடுங்குவது கச்சிதமாக இருக்கிறது, மூலையில் நேரம் வேறு. ரசித்தேன் அக்கா. காவலாளி இவ்வளவு சுருக்கமாக இதுவரை பேசியதே இல்லை. ஆனால் விதி விதிதான். பச்சையை நீலமாகப் படிக்கத் தொடங்கினால் ஆறாம் வகையே இல்லாமல் போய்விடும். இளவரசி கை கொட்டிச் சிரிப்பார். ஆட்டத்தை முடிக்க உனக்கு அவ்வளவு ஆசை என்றால் நீலத்தில் சொல்லிவிடேன்.

லிஃப்ட் சோதனை ஓட்டம் ஜூலைக் கடைசியில். ஆண்டுக் கூட்டம் ஆகஸ்ட் இரண்டு. அது முடிந்ததும் வருவதைப் பற்றி யோசிக்கலாம். பட்டியல் அச்சுக்குப் போகிறது, உன் பெயரையும் நன்றியில் போட்டிருக்கிறேன்.

இனிப் பச்சை. ஐயா, வர ஆசைதான். ஆனால் ஆற்றில் வெள்ளம். பகடை இரண்டும் ஒன்றும், மொத்தம் 3. இன்று கதவும் திறக்காது, நானும் வர இயலாது.

அன்புடன்,
தம்பி

•

ஜூலை 28

தம்பிக்கு,

நலம் விசாரித்து என்ன ஆகப்போகிறது. நீ வந்த அன்று உன்னைப் பார்த்தேன், உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

அப்பாவை எடுத்துப்போன பிறகு வந்தாய். ஒரு நாள் இருந்தாய். நான் உன்னோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேச வாயைத் திறந்தால் வீட்டில் இருந்தவர்கள் முன்னால் என்ன வந்திருக்குமோ தெரியாது. அதனால் எழுதுகிறேன், நீல மையில்.

அப்பா உன் ஆட்டத்தை ஆடவே இல்லை. போன வருடம் உன் முதல் கடிதத்தை வாசிக்க ஆரம்பித்தேன். "ஆட்டமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். பிறகு உன் பெயரை எடுத்தாலே ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்வார். காவலாளி எழுதிய பதினொரு கடிதமும் நான் எழுதியவை. அப்பா ஒரு சொல்லும் சொல்லவில்லை. அம்மா போன பிறகு நீ எழுதிய கடிதங்களில் மை கலைந்திருக்கும், அதைப் பார்க்கப் பொறுக்காமல் செய்தேன். முதல் பொய்க்கு அந்தக் காரணம் இருந்தது. மற்ற பத்துக்கும் பழக்கம்தான் காரணம்.

பன்னிரண்டாவது தாள் மட்டும் அவர் எழுதியது. நாலு வருடம் முன்னால் வாசலில் உன்னிடம் கேட்ட கேள்விக்கு அவரே பதில் எழுதிக் கொடுத்தார். அந்த ஒன்றை உன்னை நம்பவைக்க, முந்திய பதினொன்றும் பொய் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தைரியம் வரவில்லை. போனில் சொல்லியிருக்கலாம் என்பாய். போனில் என் குரலே என்னைக் காட்டிக்கொடுக்கும் என்று பயந்தேன். என் பங்குக்கு இது என் குற்றம். அதை நான் சுமந்துகொள்கிறேன்.

உன் பங்குதான் எனக்குப் புரியவில்லை. பதினொரு பொய்க் கடிதத்தையும் நம்பினாய். கதவு விரல் விரலாகத் திறந்ததை நம்பினாய். உண்மையாக அவர் 'வா' என்றபோது ஏன் பகடை உருட்டினாய்?

அக்கா

•

ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ சாப்பிடுகிறாயா?

நான் நம்பவில்லை. போன வருடம் வந்த மூன்றாவது கடிதத்திலேயே தெரிந்துவிட்டது. அதில் காவலாளி மன்னிப்புக் கேட்டான். அப்பா ஐந்து நிமிடம் லேட்டாக வந்த டிரைவரின் மன்னிப்பையே வாங்கிக்கொள்ளாதவர். அவர் யாரிடம் மன்னிப்புக் கேட்டார்? அதைக் கேட்டது நீ என்று படித்தவுடனே தெரிந்தது.

தெரிந்தும் ஆடினேன். மன்னிக்கிற அப்பா ஒருவர் எனக்கு வேண்டியிருந்தார், நீ மாதம் ஒருவரைச் செய்து அனுப்பிக்கொண்டிருந்தாய். ஏழாம் வகையைப் பற்றி உன்னிடம் கேட்டது, நீயாகச் சொல்லிவிடுவாயா என்று பார்க்கத்தான். நீலத்தில் 'வா' கேட்டது எதற்கு என்றும் சொல்லிவிடுகிறேன். நீலத்தில் அது வரவே வராது என்று தெரிந்துதான் கேட்டேன். வராதவரை நான் அங்கே வந்து அவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. லிஃப்டைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் இருந்தார்கள் அக்கா.

கடைசித் தாளும் உன் வேலைதான் என்று நினைத்தேன். என்னை இழுத்து வர நடுக்கமெல்லாம் பழகி எழுதியிருக்கிறாய் என்று நினைத்தேன். ரசித்தேன் என்று வேறு எழுதினேன். அந்த வரி இப்போது உன் வீட்டில் இருக்கிறது. அதைக் கிழித்துப் போட்டுவிடு.

ஒன்று மட்டும் சொல். என் பதிலை அப்பா பார்த்தாரா?

தம்பி

•

செப்டம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை. போன் அடித்தால் எடுக்கமாட்டேன் என்கிறாய். போன கடிதத்துக்கும் பதில் இல்லை. ஒன்பது தடவைக்கு மேலேயே கூப்பிட்டுவிட்டேன்.

பட்டியல் அச்சாகி வந்தது. ஐந்து வகைதான் இருக்கிறது. ஆறாவதை ஆண்டுக் கூட்டத்தில் நானே எழுந்து நின்று எடுத்துவிடச் சொன்னேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, இளவரசிகூடச் சிரிக்கவில்லை.

திட்டியாவது எழுது. அவர் பார்த்தாரா, இல்லையா? பார்க்கவில்லை என்று ஒரு வரி போதும்.

தம்பி

•

அக்டோபர் 2

தம்பிக்கு,

நான் இருக்கிறேன். வேலைக்குப் போகிறேன். புது மெஷின் வந்திருக்கிறது, கண்ணுக்குக் கொஞ்சம் தேவலாம்.

பார்க்கவில்லை என்ற வரியை எழுதி அனுப்பலாமா என்று ஒன்றரை மாதம் யோசித்தேன். அப்படிப்பட்ட வரிகள் எழுத எனக்குக் கை நன்றாகவே பழகியிருக்கிறது. அதனாலேயே எழுதவில்லை.

பார்த்தார். உன் கடிதம் ஜூலை மூன்றாம் தேதி காலை வந்தது. எனக்கு முன்னால் அவர்தான் தபால் சத்தம் கேட்டார். "என்ன சொல்றான்?" என்றார். நான் படித்துவிட்டு, "லிஃப்ட் வேலை இருக்காம்பா. முடிச்சுட்டு வர்றானாம்" என்றேன். அது என் பன்னிரண்டாவது பொய். அவர் கையை நீட்டிக் கடிதத்தை வாங்கிக்கொண்டார். கண்ணாடி போட்டும் அவருக்கு உன் எழுத்துப் பிடிபடவில்லை. பக்கம் முழுக்கத் தேடி, கடைசியில் ஒரு இடத்தில் விரலை வைத்தார். அது மட்டும் அவருக்குப் படிக்க வந்தது.

"மூணு போட்டிருக்கான். மூணு மணிக்கா?" என்றார்.

நான் என்ன சொல்லட்டும்? பகடை என்று சொல்வதா? ஆமாம் என்றேன். எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை. டிப்போவில் இருந்தவருக்கு வண்டிக்கு நேரம் போதும். தினமும் அதே நேரம்தான். அன்றிலிருந்து இரண்டே முக்காலுக்குச் சட்டை மாற்றிக்கொண்டு கதவுக்கு எதிரே உட்கார்ந்தார். நான் பட்டறையில் லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தேன். மூன்றரை வரைக்கும் பார்ப்பார், பிறகு எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டே காலண்டருக்குப் போவார்.

அந்தத் தாளைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். நீயே பார்த்துக்கொள். மூன்றாம் தேதி முதல் பதினொன்று வரை '3.00' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கோடு. ஒன்பது கோடு. பன்னிரண்டாம் தேதி கோடு இல்லை, 'ரத்து' என்று எழுதியிருக்கிறார். அன்று சட்டையை மாற்றவில்லை, நாற்காலியைக் கதவிலிருந்து திருப்பிப் போட்டுக்கொண்டார். மறுநாள் காலை பால் வந்தபோது அவர் எழுந்திருக்கவில்லை.

பச்சைப் பேனாவையும் வைத்திருக்கிறேன். இனி எனக்கு எழுதாதே என்று சொல்லமாட்டேன். ஆனால் பதில் வருகிறதா என்று தபாலைப் பார்த்துக்கொண்டு உட்காராதே.

நீ பதினான்காம் தேதி வந்தாய். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது என்னை அறியாமல் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று அடித்துப் பத்து நிமிடம். காலண்டரில் எழுதத்தான் ஆள் இல்லை.

அக்கா